வேகாத மாத்திரை

கொட்டாவி வந்தது. இது சாப்பாட்டுக் கொட்டாவிதான். தயிர் சோறு வயிற்றுக்குள் போய், கண்ணாடி வழியாக வெயில் தொடையில் விழுந்து, காற்றில் கேபின் லேசாக ஆடினால் எந்த மனுஷனுக்கும் கொட்டாவி வரும், வராவிட்டால்தான் வியாதி. இப்படி எனக்கு நானே சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது. காதுக்குப் பக்கத்தில் தாடை எலும்பு டொக்கென்று சத்தம் போடுகிற அளவுக்குப் பெரிய கொட்டாவி. ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அன்றைக்கு அம்சா அவள் சித்தப்பா மகள் வளைகாப்புக்குப் போயிருந்தாள், நான் தனியாகக் கட்டிலில் படுத்துக்கொண்டு வரிசையாகக் கொட்டாவி விட்டேன், அப்புறம் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்ட மாதிரி ஒரு குளிர், அப்புறம் கட்டிலே ஆட ஆரம்பித்தது. வீட்டில் இருந்த போர்வை, பாய், அவளுடைய பழைய புடவைகள் எல்லாவற்றையும் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் சாயங்காலம் வளையல் சத்தத்தோடு வந்தபோது நான் வேர்த்து விறுவிறுத்து, குளித்து, எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். தூங்கி எழுந்தேன் என்றேன். சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? ஒரு தடவை மலேரியா வந்தால் ஐயோ பாவம் என்பார்கள். இரண்டாவது தடவை வந்தால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்பார்கள். மூன்றாவது தடவை வந்தால் கேட்கவே மாட்டார்கள், முடிவே செய்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது வெறும் மழைக்காய்ச்சலாகவும் இருக்கலாம், சனிக்கிழமை நனைந்தேனே. ஆனால் இந்தச் சனியனுக்கு ஒரு முறை உண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள், பால்காரன் மாதிரி ஏறக்குறைய அதே நேரத்துக்கு வந்து கதவைத் தட்டும். இன்றைக்குச் செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை வந்த நேரம் இன்னும் ஆகவில்லை, ஆகப்போகிறது, நான் பதினாறு மாடி உயரத்தில் ஒரு டவர் கிரேனின் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

"மாமா, கம்பிக் கட்டு ரெடி. தூக்கலாம்." வாக்கி டாக்கியில் வேடியப்பன். அம்சாவின் தம்பி, என் மச்சினன், கீழே நின்று எனக்குச் சிக்னல் கொடுப்பவன். இவன் வாக்கியில் மாமா மாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இந்தக் கட்டிடத்தில் இருக்கிற இந்திக்காரர்கள், தெலுங்குக்காரர்கள் எல்லோருக்கும் நான் மாமாவாகிவிட்டேன். தணிகாசலம் என்று ஒரு பெயர் இருப்பது சம்பளச் சீட்டுக்கும் பாதுகாப்பு அதிகாரி ஜெயசீலன் சாருக்கும் மட்டும்தான் தெரியும். தூக்கினேன். கை சரியாகத்தான் இருக்கிறது. நகத்தைப் பார்த்தேன், நீலமாக இருக்கிற மாதிரி தெரிந்தது. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற கூலிங் ஷீட்டின் நீலம்தான் அது, இதற்குள் எதைப் பார்த்தாலும் நீலமாகத்தான் தெரியும், என் தயிர் சோறுகூட நீலமாகத்தான் இருந்தது. கம்பிக் கட்டு மெதுவாக மேலே வந்தது, வயிற்றில் பிடித்துத் தூக்கிய பாம்பு மாதிரி இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு. இறங்குவதென்றால் இப்போதே இறங்க வேண்டும். அதுதான் விஷயம். இங்கிருந்து கீழே போக லிஃப்ட் கிடையாது, கம்பத்துக்குள் செங்குத்தாக ஏணி, நல்ல உடம்போடு இறங்கினாலே தொடை நடுங்கும். குளிர் ஆரம்பித்துவிட்டால் ஏணியில் கால் வைக்க முடியாது, வைத்தால் கீழே போய்ச் சேருவது என் பிணமாகத்தான் இருக்கும். சரி, இப்போதே இறங்கிவிடலாம், காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வராவிட்டால்? கீழே போய் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, ஒரு குளிரும் வராமல் வெறும் கொட்டாவி மட்டும் வந்தால்? புலி வருது புலி வருது கதைதான். ஜெயசீலன் சார் போன தடவையே சொல்லிவிட்டார், "தணிகாசலம், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆப்பரேட்டரைப் பார்த்துக்க வேண்டியதுதான், ஆளு ரெடியா இருக்கான்." வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டும், நான் வேறு கிரேன் பார்த்துக்கொள்வேன், அதில்லை. நோயாளி என்று அனுப்பினால் போய்விடுவேன். பொய்யன் என்று அனுப்புவார்கள். உறுதியாகத் தெரிகிறவரை உட்கார்ந்திருக்கலாம் என்றால், உறுதியாகத் தெரிகிற நேரத்தில் இறங்க முடியாது. கொஞ்சம் இருந்து பார்ப்போம் என்றது மனசு. இந்த மனசு எப்போதுமே கொஞ்சம் இருந்து பார்க்கிற மனசு.

எல்லாம் அந்த லிஃப்ட் குழியால் வந்தது. அடித்தளத்தில் லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் மழைத் தண்ணீர் தேங்கி, கொசு குடும்பம் குட்டியோடு குடியேறி, தகரக் கொட்டகைகளில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். வேடிக்கும் வந்தது, எனக்கும் வந்தது, ஒரே வாரத்தில். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாதிரி குத்தி எடுத்த ரத்தம், ஒரே மாத்திரை. மூன்று நாளைக்கு வெள்ளை மாத்திரை, அது காய்ச்சலை அடக்கும். பதினாலு நாளைக்குச் செங்கல் நிற மாத்திரை, அது ஈரலுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டு தூங்குகிற கிருமியைத் தேடிக் கொல்லும். ஒடிசாக்காரர் ஒருவருக்கு ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, இவர் உடம்பில் இந்த மாத்திரை ரத்தத்தையே உடைத்துவிடும், கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது, ஒரு மாத்திரை ஆளைப் பார்த்து வேலை செய்யுமா என்று. கம்பெனியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். காலையில் வேலை தொடங்குமுன் முதலுதவி அறை வாசலில் எல்லோரும் வரிசையில் நின்று, நர்ஸம்மா முன்னால் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நேரத்தில் நான் மேலே இருப்பேன். எல்லோருக்கும் முன்னால் ஏறுகிறவன் கிரேன்காரன், எல்லோருக்கும் கடைசியில் இறங்குகிறவன் கிரேன்காரன். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் குடலைப் பிழியும். அதனால் என் மாத்திரையை மட்டும் என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மேலேயே போட்டுக்கொள் என்று. அம்சா டிபன் பாக்ஸ் மூடிக்குள் ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வைப்பாள். போட்டேன். சாமி சத்தியமாகப் போட்டேன். ஒவ்வொரு நாளும் சோற்றைத் தின்றுவிட்டு, போட்டு, தண்ணீர் குடித்து, அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் நிற்கிற நாரைகளைப் பார்த்துக்கொண்டு விழுங்கினேன். பார்த்தது நாரைகள் மட்டும்தான். நாரையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?

"மாமா, லெஃப்ட்ல கொஞ்சம்... கொஞ்சம்... போதும், இறக்கு." இறக்கினேன். கம்பிக் கட்டு ஸ்லாபில் உட்கார்ந்தது, கம்பிகட்டுகிறவர்கள் கொக்கியைக் கழற்றினார்கள், ஒருவர் மேலே பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஏ.சி.யை நிறுத்தினேன். குளிர்கிறது என்பதற்காக இல்லை, சும்மாதான், ஜெனரேட்டருக்கு டீசல் மிச்சம் என்று ஜெயசீலன் சார் அடிக்கடி சொல்கிறாரே, அதற்காக. இடுப்புக்கு மேலே வலிக்கிறது. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கு வலிக்காது? இரண்டாவது தடவை காய்ச்சல் வந்தபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் மறந்திருப்பேனோ, காகிதத்தோடு சேர்த்து எறிந்திருப்பேனோ. மறுபடியும் வெள்ளை மாத்திரை, மறுபடியும் பதினாலு நாள். அந்தப் பதினாலு நாளில்தான் அந்த ஒற்றை மாத்திரை வந்து சேர்ந்தது. கிரேன் கம்பத்தின் அடியில், சேற்றில், செங்கல் நிறத்தில் ஒரு முழு மாத்திரை. ஜெயசீலன் சார்தான் பார்த்தார். குனிந்து எடுத்து, கையில் வைத்து, கழுத்தை நிமிர்த்தி மேலே என்னைப் பார்த்தார். நான் அங்கிருந்தே பார்த்தேன், அவர் ஏன் என்னைப் பார்க்கிறார் என்று புரியாமல் ஒரு கும்பிடுகூடப் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் இறங்குவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமா மேலேயிருந்து மாத்திரையைத் தூக்கிப் போடுறாரு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வேடி எதிரில் நின்றான், தலையைத் தூக்கவில்லை. எனக்காக வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார், தணிகாசலம், இத்தனை உயரத்திலிருந்து ஒரு மாத்திரை விழுந்தால் முழுசாக இருக்குமா? ஒரு நட்டு விழுந்தாலே ஹெல்மெட்டில் பள்ளம் விழும். இரண்டாகவாவது உடைய வேண்டாமா? சேறு மெத்தை மாதிரி, அதனால் உடையவில்லை என்றார்கள். ஒரு பக்கம் மேல்பூச்சு கரைந்து வெளுத்திருந்தது, மழை என்றார்கள். நான் தூக்கிப் போடவில்லை. காற்றில் பறந்ததா, காகிதத்திலிருந்து நழுவியதா, நழுவியிருந்தால் அன்றைக்கு நான் விழுங்கியது எதை? நாள்தோறும் இந்த இடத்தில் வந்து என் புத்தி சிக்கிக்கொள்ளும், கப்பியிலிருந்து நழுவிய கயிறு மாதிரி, முன்னாலும் போகாது பின்னாலும் வராது. அம்சா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். மீதியிருந்த மாத்திரைகளை அவள் கையாலேயே கொடுத்தாள், விடியற்காலையில் எழுந்து இட்லி வைத்து, அது முடிந்ததும் மாத்திரை, அது முடிந்ததும், "வாயத் திறங்க." திறந்தேன். "நாக்கத் தூக்குங்க." தூக்கினேன். செல்போன் வெளிச்சத்தில் என் வாய்க்குள் பார்த்தாள். நாற்பத்தி மூன்று வயசில் சமையலறை விளக்கடியில் நாக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது. அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, அதைப் பார்த்தபோது அவமானம் இன்னும் கூடியது.

மூன்றாவது கொட்டாவி. நான்காவதா? எண்ணக்கூடாது. அந்த டாக்டரம்மா ஒருத்திதான் என்னை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. சின்ன வயசு, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறவள், இரண்டாவது தடவை வந்தவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அம்சாவும் கூட இருந்தாள். "எல்லா மாத்திரையும் போட்டேன்மா" என்றேன். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் எனக்கே பொய் மாதிரி கேட்க ஆரம்பித்திருந்தது. "சரி, போட்டீங்கன்னே வச்சுப்போம்" என்றாள் அவள். எவ்வளவு நாளாயிற்று இந்த வார்த்தையைக் கேட்டு. அப்புறம் சம்பந்தமே இல்லாமல் கேட்டாள், "முன்னாடி எப்பவாவது பலமா அடிபட்டு, வலிக்கு மருந்து குடுத்து, அது உங்களுக்குக் கேக்காம போயிருக்கா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே முறிவு. அவருக்கு வலி ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் குறட்டை விடுவார். அதே ஊசி எனக்கும் போடுவார்கள், நான் தலையணையைக் கடித்துக்கொண்டு விடிய விடியக் கத்துவேன். நர்ஸ், "அவருக்குக் கேக்குது, உனக்கு மட்டும் கேக்காதா? நடிக்காதே" என்றாள். என் அப்பாகூட வார்டில் எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டார், "ஆம்பளையாடா நீ" என்று. அவர் செத்தே போய்விட்டார், அந்த வார்த்தை இன்னும் சாகவில்லை. நான் இதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அம்சாவைப் பார்த்துப் பேசினாள். "இந்த மாத்திரை அரிசி மாதிரிங்க. அப்படியே உள்ள போனா பிரயோஜனம் இல்ல. ஈரல்தான் அதைப் பொங்கிச் சோறாக்கணும், அப்பதான் அது கிருமியைக் கொல்லும். சில பேர் ஈரல்ல அடுப்பு நல்லா எரியும். சில பேருக்கு மந்தமா எரியும். ரொம்பக் கொஞ்சம் பேருக்குப் பத்தவே பத்தாது, பொறக்கும்போதே அப்படி. அவங்க உள்ள போட்ட அரிசி அரிசியாவே வெளிய போயிடும். அந்த வலி ஊசி சிலதுக்கும் இதே அடுப்புதான்." ரத்தம் எடுத்துக்கொண்டாள், வேறு ஊருக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், நாளாகும் என்றாள். "இவர் மாத்திரை போட்டாரா இல்லையான்னு அது சொல்லிடுமா?" என்று அம்சா கேட்டாள். "போட்டாரான்னு சொல்லாது. போட்டிருந்தா வேலை செஞ்சிருக்குமான்னு சொல்லும்." பஸ்ஸில் வரும்போது அம்சா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அந்த முடிவை வாங்கத்தான் போயிருக்கிறாள். அடுப்பு நன்றாக எரிகிறது என்று வந்துவிட்டால்? வந்துவிட்டால் என்னிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. தன் ஈரலில் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே முட்டாள் இந்த ஊரில் நான்தான்.

"மாமா, பலகைக் கட்டு. டாப் ஸ்லாப்புக்கு. கொஞ்சம் வெயிட்டு, பாத்து." சென்ட்ரிங் பலகைகள், இரும்புச் சட்டம் போட்டவை, கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். தூக்கலாமா? இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் வைத்துவிட்டு இறங்கிவிடலாம், யார் என்ன சொன்னால் என்ன. தூக்கினேன். கட்டு தரையை விட்டு எழும்பி, மாடி மாடியாக ஏறி, ஸ்லாபின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தபோது முதுகில் அந்த ஈரத்துணி விழுந்தது. வெயில் தொடையில் அப்படியே இருக்கிறது, சுடுகிறது, ஆனால் முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறார்கள். இல்லை. இது வியர்வை. இல்லை, வியர்வை இல்லை, கையில் மயிர் எல்லாம் குத்திட்டு நிற்கிறது. பலகைக்கு நேர் கீழே கம்பிகட்டுகிறவர்கள். மஞ்சள் ஹெல்மெட்டுகள். அதில் கையாட்டியவர் எவர் என்று தெரியவில்லை, மேலேயிருந்து பார்த்தால் எல்லோரும் தலைதான். அப்போது பக்கத்தில் செல்போன் வெளிச்சம் போட்டது. அம்சா. சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் அது வாயில்லாத பிராணி மாதிரி துடித்தது. எடுக்க முடியாது, இரண்டு கையும் லீவரில். நின்றது. மறுபடியும் துடித்தது. நல்ல செய்தி என்றால் இரண்டு தடவை கூப்பிடுவாளா? கெட்ட செய்தி என்றாலும் கூப்பிடுவாள். பல் ஒருதரம் தட்டியது, தானாக. லீவரில் இருந்த வலது கை துள்ளியது, ஒரு சின்னத் துள்ளல்தான், நூல் கோக்கிறபோது கை நடுங்குகிற அளவு, ஆனால் இங்கே கை அசைந்தது அங்கே கொக்கியில் போய்ச் சேரும்போது பலகைக் கட்டு பெரிய ஊஞ்சலாக ஆடியது. கீழே தலைகள் நிமிர்ந்தன. "மாமா! ஆடுது மாமா! நிறுத்து!" கையை எடுத்துவிட்டால் கிரேன் தானாக நின்றுவிடும், ஆனால் பலகை நிற்காது, ஆடிக்கொண்டே அவர்கள் தலைக்கு மேல் தொங்கும், நான் இங்கே சுருண்டு கிடப்பேன், யார் வந்து இறக்குவார்கள்? பல்லைக் கடித்தேன். முழங்கையை நாற்காலிக் கைப்பிடியில் அழுத்தி, உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் சாய்த்து, கையை மணிக்கட்டிலிருந்து மட்டும் அசைத்தேன். ஆடுகிற திசையிலேயே கொஞ்சம் துரத்திப் போனால் ஆட்டம் அடங்கும், கிரேன்காரனுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். துரத்தினேன். அடங்கியது. தலைகளின் மேலிருந்து கட்டைத் திருப்பி வெளியே கொண்டுவந்தேன், விளிம்பைத் தாண்டி, காலி மைதானத்துப் பக்கம். என் வாய் ஏதோ பேசிக்கொண்டிருந்தது, அம்சா அம்சா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. கீழே, கீழே, இன்னும் கீழே. மண்ணில் உட்கார்ந்தது. கொக்கிக் கயிறு தொய்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கையை விட்டேன், விட்டதும் கை என்னுடையதாக இல்லை.

"வேடி," என்றேன் வாக்கியில். பல்லுக்கு நடுவில் சொல் உடைந்து உடைந்து போனது. "கா... காய்ச்சல். வந்துடுச்சு. மூணாவது தடவை. என்னால எறங்க முடியாது." சொல்லிவிட்டேன். இத்தனை நேரம் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். வாக்கியில் கொஞ்சம் இரைச்சல், அப்புறம் ஜெயசீலன் சார் குரல், எல்லோர் காதிலும் விழுகிற அதே சேனலில், "மறுபடியுமா? மாத்திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டா வராம என்னய்யா செய்யும்? உயிரோட விளையாடுறியா நீ?" பதில் சொல்லப் பார்த்தேன். தாடை ஆடியதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ரத்தம் உப்பாக இருந்தது. அவர் சொல்வதில் பாதி உண்மை, அதுதான் வலித்தது. மாத்திரையோடு விளையாடவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு அந்தத் தலைகளோடு விளையாடிவிட்டேன். சுருண்டேன். முழங்காலைக் கட்டிக்கொண்டேன். டிபன் பாக்ஸ் என்னோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. கம்பத்தில் யாரோ ஏறுகிற அதிர்வு வந்தது, முதலில் என் நடுக்கம் என்றுதான் நினைத்தேன். தரைக்கதவு திறந்து வேடியின் தலை வந்தது, மூச்சு வாங்கி, முகமெல்லாம் வியர்வை. ஒரு ஆள் உட்காருகிற பெட்டிக்குள் அவனும் எப்படியோ நுழைந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். நான் நடுங்க நடுங்க அவனும் நடுங்கினான். இதுவரை யாரும் என் நடுக்கத்தை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. "மாமா," என்றான், "மாமா, மன்னிச்சுக்க மாமா," என்றான். எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. போன் மறுபடியும் துடித்தது. என் விரலால் தொட முடியவில்லை, அவன்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க போனீங்க, எத்தன தடவ அடிக்கிறது?" அம்சாவின் குரலுக்குப் பின்னால் பஸ் சத்தம். "ரிசல்ட் வந்துடுச்சுங்க. டாக்டரம்மா சொன்ன மாதிரிதான். உங்களுக்கு அந்த அடுப்பு எரியவே இல்லையாம். எத்தன மாத்திரை போட்டாலும் உங்க உடம்புல வேலை செய்யாதாம். வேற வழி பாக்கணும்னு நேர்ல வரச் சொன்னாங்க." நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வார்டு, அந்தத் தலையணை, அப்பா எல்லோரும் ஒரு நிமிஷம் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். நான் நடிக்கவில்லை அப்பா. "கேக்குதா?" என்றாள். அப்புறம் குரல் தாழ்ந்தது. "எல்லாம் சரிங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. வேலை செய்யலன்னா செய்யல. ஆனா அந்தச் சேத்துல கெடந்த மாத்திரை? அது எப்படிங்க அங்க வந்துச்சு?" இதுதான். ஆஸ்பத்திரியும் ரத்தமும் சேர்ந்து சொன்ன பிறகும் அந்த ஒற்றை மாத்திரை அப்படியே கிடக்கிறது, எனக்கும் அவளுக்கும் நடுவில். எனக்குத் தெரியாது அம்சா என்று சொல்ல நினைத்தேன், பல் மட்டும்தான் பேசியது. என் முதுகில் ஒட்டியிருந்த வேடியின் நெஞ்சு ஒருமுறை பெரிதாக எழும்பி இறங்கியது.

"அக்கா," என்றான். "அது என்னுது." என்னைக் கட்டியிருந்த பிடியை இறுக்கினான். "எனக்கு அந்த மாத்திரை வயித்தப் பெரட்டும்க்கா. நர்ஸம்மா முன்னாடி நாக்குக்கு அடியில வச்சுக்குவேன், அப்புறம் கிரேன் பின்னாடி போய்த் துப்பிடுவேன். மொத நாலு நாள்தான் முழுங்கினேன். எனக்குத் திரும்பி வரல. நல்லாயிட்டேன், அதனால அத மறந்தே போயிட்டேன். மாமாவுக்கு ரெண்டாவது வாட்டி வந்தப்ப, எனக்கும் வந்துடப் போவுதுன்னு நர்ஸம்மா மறுபடி குடுத்தாங்க, அதத்தான் துப்பினேன். சாரு எடுத்தாரு. மாமான்னு சொன்னாங்க. நான் வாயத் தொறக்கல." வாக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது, அது வேலை செய்கிறதா, கீழே எல்லோரும் கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கட்டும் என்று இருந்தது, கேட்கவேண்டாம் என்றும் இருந்தது. துப்பியவன் நன்றாக இருக்கிறான், விழுங்கியவன் ஆடிக்கொண்டிருக்கிறேன். அவனை அடிக்கவேண்டும் என்று கை பரபரத்தது, அந்தக் கைதான் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, அவன் உடம்பு அவ்வளவு சூடாக, அவ்வளவு நல்ல சூடாக இருந்தது. அம்சா அழுகிறாள் என்று நினைத்தேன், தம்பியைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், போனை வைத்துவிட்டாள் என்றுகூட நினைத்தேன். என் பல் அடித்துக்கொள்கிற சத்தத்தை அவள் அத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வேடி," என்றாள் கடைசியில். "அவருக்குக் குளிருதுடா. போத்திக்க ஏதாச்சும் இருக்கா அங்க?"

அவன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.